வெள்ளவத்தையில் அனெக்ஸ்: முற்பணம் கொடுக்க முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வடலி

அடுத்த மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மாறுகிறோம். இரண்டு பேர். வேலைத்தலம் கொள்ளுப்பிட்டி, காலை 8.30க்கு உள்ளே நிற்க வேண்டும். வெள்ளவத்தையில் இரண்டு இடம் கைவசம் இருக்கிறது, வாடகை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலாவது, காலி வீதிக்குத் தரைப்பக்கம், கால்வாய்க்குக் கிட்ட ஒரு வீட்டின் மேல்மாடி அனெக்ஸ். தனி வாசல், கரண்டுக்கு சப் மீற்றர் (வீட்டுக்காரரின் பிரதான மீற்றருக்குக் கீழ் வரும் துணை மீற்றர்), தண்ணீர் வாடகையோடு சேர்த்தி. இரண்டாவது, கடற்பக்கம், மரைன் டிரைவிலிருந்து ஓர் ஒழுங்கை உள்ளே, பழைய தொடர்மாடியில் மூன்றாம் மாடி. தனி மீற்றர், லிப்ட் இல்லை.

வீடு பார்க்கப் போனால் பெயின்ட்டையும் ஜன்னலையும் தவிர எதைப் பார்ப்பதென்று பிடிபடவில்லை. ஆறு மாத முற்பணம் கேட்கிறார்கள். அதைக் கொடுத்த பிறகு குறை சொல்லி என்ன பயன்? கிணறும் முற்றமும் உள்ள வீட்டில் பழகியவர்களுக்கு அங்கே எது முதலில் இடிக்கும் என்பதையும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அறுபதாம்யூனிட்

பெயின்ட்டை விடுங்கள். இரண்டு இடத்திலும் முதலில் கேட்க வேண்டியது போன மூன்று மாதக் கரண்ட் பில். தனி மீற்றர் என்றால் கரண்ட் பில் நேரே உங்கள் கைக்கு வரும். சப் மீற்றர் என்றால் வீட்டுக்காரர் சொல்லுகிற தொகைதான் பில்.

வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறும் என்பது தெரிந்ததுதான். ஆனால் 60 வெறும் ஒரு படி இல்லை. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு விலைப்பட்டியல், 61ஐத் தொட்டால் வேறொன்று. அந்த ஒரு யூனிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறும், மாதாந்த நிலைக்கட்டணமும் ஏறும்.

இரண்டு பேர் ஏசி இல்லாமல் இருந்தால் எவ்வளவு வரும் என்று பாருங்கள். நடுத்தர பிரிட்ஜ் நாளுக்கு ஏறக்குறைய 1 யூனிட், மாதம் 30. 70 வாட் சீலிங் ஃபேன் இரவில் 10 மணித்தியாலம் சுற்றினால் 0.7, மாதம் 21. 700 வாட் ரைஸ் குக்கர் அரை மணித்தியாலம் 0.35, மாதம் 10.5. 10 வாட் எல்ஈடி நான்கு, ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 0.2, மாதம் 6. கூட்டினால் 67.5. 60 என்ற கோட்டைத் தாண்டிவிட்டது, இன்னும் உடுப்பு அயன் பண்ணவில்லை. அந்த ஒரு ஃபேனை மட்டும் குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 21 என்பது 9 ஆகும், மொத்தம் 55.5. மிச்சமுள்ள 4.5 யூனிட்டில் 1000 வாட் அயன் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஓடும். கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடிய சாமான் என்பதால் வாடகை வீட்டிலும் அந்தக் காசு வீணில்லை.

இனி சப் மீற்றர். கீழ்வீடு 110, நீங்கள் 50 பாவித்தால் பிரதான மீற்றரில் 160 விழும். உங்கள் 50ஐ 160இன் உச்சிப் படியில் வைத்துக் கணக்குப் பார்க்கும் வீட்டுக்காரர் உண்டு. முழு பில்லை 160ஆல் பிரித்து 50ஆல் பெருக்குபவரும் உண்டு. இரண்டாவது நியாயமானது. ஆனால் அதிலும் நீங்கள் தனியாக இருந்தால் கட்டுவதைவிடக் கூடத்தான் கட்டுகிறீர்கள், ஏனென்றால் 60க்குள் நிற்கும் சலுகை கூட்டு மீற்றரில் யாருக்கும் இல்லை. எந்தக் கணக்கு என்பதை முதல் நாளே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

எழுத்தைவிட முக்கியம் ஒரு சோதனை. அனெக்ஸின் மெயின் சுவிட்சை முழுதாக அணைத்துவிட்டு சப் மீற்றருக்கு முன்னால் போய் நில்லுங்கள். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு துடிக்கும். பக்கத்தில் 1600 இம்ப் என்றோ 3200 இம்ப் என்றோ அச்சிட்டிருக்கும், அத்தனை துடிப்புக்கு ஒரு யூனிட் என்று பொருள். மெயினை அணைத்த பிறகு அந்த விளக்கு துடிக்கக் கூடாது. பத்து நிமிடம் பாருங்கள். துடித்தால் வேறு எதுவோ உங்கள் மீற்றரில் ஓடுகிறது. எத்தனை செக்கனுக்கு ஒருமுறை என்பதைக் குறித்து இங்கே போடுங்கள், என்ன சாமான் என்று ஊகிக்கலாம்.

மீற்றர் சரியாக எண்ணுகிறதா என்றும் பார்க்கலாம். 1500 வாட் கேத்தில் ஒன்றை மட்டும் போட்டு நான்கு நிமிடம் ஓடவிட்டால் 0.1 யூனிட். 1600 மீற்றரில் 160 துடிப்பு வர வேண்டும். ஐந்து பத்து முன்பின் வந்தால் கேத்திலின் வாட் கணக்கிலோ வோல்ட்டேஜிலோ உள்ள வித்தியாசம். 220 என்று வந்தால் மீற்றரில்தான் ஏதோ இருக்கிறது.

பழைய தொடர்மாடிக்கு ஒன்று. உருண்டை முனைச் சின்ன சொக்கெட் 5 அம்பியர். 230 வோல்ட்டில் 1150 வாட்டுக்கு மேல் தாங்காது. கேத்திலை அடாப்டர் போட்டு அதில் செருகினால் முதலில் பிளாஸ்டிக் மஞ்சளாகும், பிறகு கருகும். குசினியில் சதுர முனை 13 அம்பியர் சொக்கெட் குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று எண்ணுங்கள். ட்ரிப் சுவிட்சில் (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) உள்ள டெஸ்ட் பொத்தானை அமர்த்தியும் பாருங்கள். விழாவிட்டால் மாற்றித் தரும்வரை சாவி வாங்காதீர்கள்.

உப்புக்காற்று

கடற்பக்க வீட்டைப் பற்றி நான் சொல்லுறன், கேளுங்கோ.

ஜன்னலைத் திறந்து பிணைச்சலை விரலால் தடவிப் பாருங்கோ. மண்ணிறத் தூள் ஒட்டினால் அந்த வீட்டுக்கு உப்புக் காற்று நேரே வருது. மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில ரயில் பாதை மட்டும்தான், வேற மறைப்பு இல்லை. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று அலைத் தூவானத்தை அப்பிடியே உள்ளுக்குக் கொண்டுவரும். ஓர் ஒழுங்கை உள்ளுக்கு எண்டால் கொஞ்சம் குறையும், முன்னால உயரக் கட்டடம் நிண்டால் நல்லாக் குறையும். ஆனபடியால் மாடியில நிண்டு கடல் தெரியுதா எண்டு பாருங்கோ. கடல் தெரிஞ்சால் வாடகைக்காரனுக்குச் சந்தோஷம், கேஸ் குக்கருக்குத் துக்கம்.

முதலில போறது குக்கரின்ர தகரத் தட்டு, பிறகு ஃபேன் பெயாரிங், பிரிட்ஜின்ர பின்பக்கக் கம்பி. பர்னர் பித்தளையாப் பார்த்து வாங்கினால் கன காலம் பாவிக்கலாம். பிணைச்சல், கொண்டி, சூட்கேஸ் பூட்டு எல்லாத்துக்கும் மாதம் ஒருக்கால் வாஸ்லின் மெல்லிசாப் பூசினால் காணும். மோட்டார்சைக்கிள் இருந்தால் கிழமைக்கு ஒருக்கால் நல்ல தண்ணியால கழுவுங்கோ, செயினுக்கு எண்ணெய் போடுங்கோ.

காத்தில ஈரப்பதன் கூட. அலுமாரியைச் சுவரோட ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கோ, இல்லாட்டில் பின்பலகையில பூஞ்சணம் பிடிக்கும். தோல் சப்பாத்தும் கூறைச்சேலையும் மூடின பெட்டிக்குள்ள கிடந்தால் மழைக்கால முடிவில வெள்ளைப் பொட்டு விழும். ஊரில இருந்து மிளகாய்த்தூள் கொண்டு வாறீங்கள்தானே? அரைச்ச சூட்டோட போத்தலில அடைச்சால் உள்ளுக்கு வேர்த்துக் கட்டி பட்டிடும். பேப்பரில பரப்பி முழுக்க ஆறவிட்டு, ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வெளியில வையுங்கோ, மிச்சத்தை ஃப்ரீஸரில போடுங்கோ. நனைஞ்ச கரண்டி உள்ளுக்குப் போகக்கூடாது.

தண்ணிக்கு வாறன். கொழும்புக் குழாய்த் தண்ணி பெரும்பாலும் களனி கங்கையில அம்பத்தலையிலயும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலயும் எடுத்துச் சுத்திகரிக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இல்லை, மென்தண்ணி. குளிச்சால் சவுக்காரம் போகாத மாதிரி வழுக்கிக்கொண்டே இருக்கும். போயிட்டுது, தண்ணியை வீணாக்காதேங்கோ. சவுக்காரம் ஊரில போடுறதில அரைவாசி காணும். பருப்பும் கடலையும் கெதியா அவியும், ஊர்க் கணக்கில விட்டால் கரைஞ்சு போகும். தேயிலையும் கூடச் சாயம் விடும். குளோரின் மணத்தால தேத்தண்ணி பிடிக்காட்டில் இரவு அகலப் பானையில திறந்து வைச்சு விடியக் கொதிக்க வையுங்கோ. கேத்திலுக்குள்ள வெள்ளைப் படிவு கட்டாது, அதுவும் ஒரு லாபம்.

மேல்மாடி அனெக்ஸில தாங்கி எங்க இருக்கெண்டு கேளுங்கோ. தலைக்கு மேல ஒரு மீற்றர் உயரத்தில தாங்கி இருந்தால் ஷவரில வேகம் வராது. 10 லீற்றர் வாளியை ஷவருக்குக் கீழ வைச்சு நேரத்தைப் பாருங்கோ. இரண்டு நிமிசத்தில நிரம்பினால் நல்லது. நாலு நிமிசம் எடுத்தால் சுடுதண்ணி ஷவர் ஹீற்றர் அங்க வேலை செய்யிறது சந்தேகம், தண்ணி ஓட்டம் குறைஞ்சால் அதுக்குள்ள இருக்கிற சுவிட்ச் ஒன் ஆகாது. மேல கொங்கிரீட் தட்டெண்டால் பின்னேரம் நாலு மணிக்குப் போய் உள்கூரையைக் கையால தொட்டுப் பாருங்கோ. காலமையில வீடு காட்டுறவை அந்தச் சூட்டைக் காட்ட மாட்டினம்.

கால்வாய்ப் பக்கம் எண்டபடியால் இன்னொண்டு. கீழ்வீட்டு மதிலிலயும் கேற்றுத் தூணிலயும் ஒரே மட்டத்தில நிறம் மாறின கோடு இருக்கா எண்டு பாருங்கோ. பெரிய மழைக்குத் தண்ணி ஏறின மட்டம் அது. மேல்மாடிக்குள்ள தண்ணி வராது, ஆனால் பம்பும் மீற்றர்ப் பெட்டியும் கீழதானே இருக்கும்.

ரவுட்டர்

அறுபதாம்யூனிட்டுக்கு ஒரு திருத்தம். வைஃபை ரவுட்டரை விட்டுவிட்டீர்கள். 10 வாட் என்றாலும் நாள் முழுக்க ஓடுவது, 0.24 யூனிட், மாதம் 7க்கு மேல். உங்கள் 55.5ஓடு சேர்த்தால் 62.7.

அறுபதாம்யூனிட்

சரி, விட்டது பிழை. வேலைக்குப் போகும் 10 மணித்தியாலம் ரவுட்டரை அணைத்தால் 3 யூனிட் குறையும், அப்படியும் அயனுக்கு இடமில்லை. சோற்றை கேஸில் வைத்தால் 10 யூனிட் மிஞ்சும், பிறகு எல்லாம் கோட்டுக்குள் வந்துவிடும். கேஸ் கணக்கு வேறு என்று சண்டைக்கு வராதீர்கள், உலையை மூடி வைத்து முக்கால் பதத்தில் அணைத்தால் அவ்வளவு போகாது.

நொத்தாரிசுக்கட்டை

ஆறு மாத முற்பணம் கொழும்பில் வழக்கமான கேள்விதான், ஒரு வருடம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். தொகையைவிட அது எந்தப் பெயரில் போகிறது என்பதைப் பாருங்கள். இரண்டு வகை. ஒன்று மாதாமாதம் வாடகையில் கழியும் முற்பணம். மற்றது வெளியேறும்போது திருப்பித் தரும் வைப்பு. ‘அட்வான்ஸ்’ என்று ஒரே சொல்லால் இரண்டையும் சொல்வார்கள். உடன்படிக்கையில் ‘மாதம் இத்தனை ரூபா வீதம் கழியும்’ என்றோ ‘வெளியேறி இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும்’ என்றோ வராவிட்டால் கடைசியில் வாய்ச்சண்டைதான்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற விதி இது. கடையில் விற்கும் படிவத்தில் முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டால் காணும் என்று தரகர் சொல்லுவார். அது ஒரு வருடக் குத்தகையாக நிற்காது, மாத வாடகையாகத்தான் பார்க்கப்படும். இடையில் எழும்பச் சொன்னால் உங்கள் கையில் பிடிமானம் இல்லை. முன்பெல்லாம் வீட்டுக்காரர்கள் எழுத்துக் கொடுக்கப் பயந்ததற்குக் காரணம், உள்ளே வந்தவரை எழுப்ப வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும் என்பது. தவணை முடிந்தும் போகாதவரிடமிருந்து இடத்தை விரைவாக மீட்பதற்கு 2023இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. அதனால் நொத்தாரிசு உறுதி இப்போது அவருக்கும் பாதுகாப்புத்தான் என்று சொல்லிக் கேட்கலாம்.

உறுதியில் கட்டாயம் வர வேண்டியவை: பம்ப், தாங்கி, ஹீற்றர் பழுதானால் யார் செலவு, இரு பக்கமும் எத்தனை மாத முன்னறிவித்தல், தொடர்மாடி என்றால் மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் யார் பொறுப்பு, சப் மீற்றர்க் கணக்கு. சாவி வாங்கும் நாளில் கரண்ட் மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும் இலக்கம் தெரியப் படமெடுத்து அதே நாளில் வீட்டுக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். சுவர் வெடிப்பு, தள ஓட்டுக் கீறல் எல்லாவற்றையும் அதோடு சேருங்கள். தரகருக்கு எத்தனை என்பதை வீடு பார்க்க ஏறுமுன் பேசுங்கள், பார்த்துப் பிடித்த பிறகு பேசினால் பேரமே இல்லை.

முகவரியையும் சரியாக எழுதி வாங்குங்கள். ‘23 3/1’ என்றால் 23ஆம் இலக்கக் கட்டடத்தில் மூன்றாம் மாடி, முதலாவது வீடு என்பது பொதுவான வழக்கம். அதை ‘23/3/1’ என்று எழுதினால் கூரியர்காரர் வேறு ஒழுங்கையில் நின்று கோல் எடுப்பார்.

வடலி

எல்லோருக்கும் நன்றி. அனெக்ஸுக்கு ஆளை அனுப்பிப் பார்த்தோம். மெயினை அணைத்த பிறகும் சப் மீற்றர் விளக்கு சரியாக 20 செக்கனுக்கு ஒருமுறை துடிக்கிறது. மீற்றரில் 1600 என்று போட்டிருக்கிறது. தண்ணீர்ப் பம்பாக இருக்குமோ?

பஸ், ரயில் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

அறுபதாம்யூனிட்

பம்ப் இல்லை. 1600 துடிப்புக்கு ஒரு யூனிட், அதாவது 1000 வாட்மணி, என்றால் ஒரு துடிப்பு 0.625 வாட்மணி. 20 செக்கனுக்கு ஒன்று என்றால் மணித்தியாலத்துக்கு 180 துடிப்பு, 112 வாட். அரைக் குதிரைவலுப் பம்ப் ஓடினால் 370 வாட்டுக்கு மேல் காட்டும், விளக்கு ஆறு செக்கனுக்கு ஒருமுறையாவது துடிக்கும்.

112 வாட் என்பது ஒரு பிரிட்ஜ் கொம்பிரசர் அளவு. அல்லது கேற்று விளக்கும் மாடிப்படி விளக்கும் சேர்ந்து. பிரித்தறிவது சுகம். முக்கால் மணித்தியாலம் நின்று பாருங்கள். கொஞ்ச நேரம் துடித்து, கொஞ்ச நேரம் நின்று, திரும்பத் துடித்தால் கீழ்வீட்டு பிரிட்ஜ். நிற்காமல் ஒரே சீராகத் துடித்தால் விளக்கு அல்லது கேமராப் பெட்டி போல எப்போதும் எரிகிற ஒன்று.

இரவு பகலாக ஓடினால் மாதம் 80 யூனிட். பிரிட்ஜ் என்றால் பாதி நேரம் என்று வைத்து 40. எப்படிப் பார்த்தாலும் உங்கள் 60 போய்விட்டது. இதில் வீட்டுக்காரர் களவு செய்கிறார் என்று பாயத் தேவையில்லை. மேல்மாடி பிறகு கட்டியதாக இருந்தால் பழைய வயர் ஒன்று மேல் பெட்டியோடு போயிருக்கும், அவருக்கே தெரியாமல் இருக்கும். எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு மணித்தியால வேலை. ‘மாற்றித் தாருங்கள், மாற்றிய பிறகு திரும்பப் பார்த்துவிட்டு முற்பணம்’ என்று சொல்லுங்கள். மறுத்தால் அதுவே விடை.

நூறாம்நம்பர்

கொள்ளுப்பிட்டிக்குப் போக வெள்ளவத்தையில் காலி வீதியில் நின்று 100, 101 இரண்டில் எது வந்தாலும் ஏறலாம், இரண்டும் புறக்கோட்டைக்கு. 102 கொட்டாஞ்சேனைக்கு. 155இல் ஏறாதீர்கள், மட்டக்குளி என்று போட்டிருக்கும், பம்பலப்பிட்டியில் உள்ளே திரும்பி தும்முல்லைப் பக்கம் போய்விடும்.

புதிதாக வருபவர்கள் திரும்பி வரும்போதுதான் தடுமாறுவார்கள். பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் நடுவில் காலி வீதி கோட்டைப் பக்கம் போகும் ஒருவழிப் பாதை. காலையில் இறங்கிய இடத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றால் விடியும்வரை நிற்கலாம். வெள்ளவத்தைக்கு வர, ஒரு தெரு உள்ளே டுப்ளிகேஷன் வீதிக்கு (பெயர்ப்பலகையில் ஆர்.ஏ. டி மெல் மாவத்தை) நடந்து அங்கே ஏற வேண்டும்.

ஆனால் உங்களுக்கு ரயில்தான் நல்லது. வெள்ளவத்தை, அடுத்து பம்பலப்பிட்டி, அடுத்து கொள்ளுப்பிட்டி. கடற்பக்க வீட்டுக்கு ஸ்டேஷன் கிட்ட. பஸ் காலி வீதி நெரிசலில் நிற்கும் நேரத்தில் ரயில் போய்விடும். இரண்டு எச்சரிக்கை: எல்லா ரயிலும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது, தூர இடத்து ரயில்கள் உங்களைப் பார்த்துக்கொண்டே போகும், மற்றது, அலுவலக நேரத்தில் தென்பக்கத்திலிருந்து நிரம்பித்தான் வரும், வாசலில் தொங்கும் கூட்டத்தோடு தொங்கப் பழகாதீர்கள், அடுத்ததுக்கு நில்லுங்கள். தினமும் போவதென்றால் சீசன் டிக்கெட் எடுத்தால் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம்.

பஸ்ஸுக்கு நான்கு சொல் சிங்களம் காணும். ‘மே பஸ் எக்க பம்பலப்பிட்டிய யனவாத?’ என்றால் இந்த பஸ் பம்பலப்பிட்டிக்குப் போகுமா. இறங்க ‘பஹினவா’. மிச்சக் காசு தராவிட்டால் ‘இத்துரு சல்லி’. கொண்டக்டர் ‘பஸ்ஸட்ட, பஸ்ஸட்ட’ என்று கத்தினால் பஸ்ஸில் ஏறச் சொல்கிறார் என்று நினைத்து முண்டக் கூடாது, பின்னுக்குப் போகச் சொல்கிறார். ‘இஸ்ஸரஹட்ட’ என்றால் முன்னுக்கு. மிச்சத்தை இறங்கும்போது கேட்கலாம் என்று விட்டால் இரண்டு பேருக்கும் மறந்துவிடும், டிக்கெட் தரும்போதே கேளுங்கள். முதல் வரிசை ஆசனம் மதகுருமாருக்கு ஒதுக்கியது.

கொட்டாஞ்சேனைக்காரி

எல்லோரும் வெள்ளவத்தை வெள்ளவத்தை என்று ஏன் விழுகிறார்கள் என்று தெரியவில்லை. தமிழ்க் கடை, கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறது. புறக்கோட்டை நடக்கும் தூரம். மூட்டையாகச் சாமான் வாங்கினால் விலை வித்தியாசம் கையில் தெரியும். வேலை கொள்ளுப்பிட்டியில் என்பதால் இவர்களுக்கு வெள்ளவத்தை சரி, ஒத்துக்கொள்கிறேன். கோட்டை, மருதானை, புதுக்கடைப் பக்கம் வேலை உள்ளவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டுத் தெற்கே ஓட வேண்டாம்.

மொத்த மரக்கறிக்கு மெனிங் மார்க்கெட் என்று யாராவது சொன்னால் அது இப்போது புறக்கோட்டையில் இல்லை, பேலியகொடைக்குப் போய்விட்டது.

குப்பைக்கு இரண்டு வாளி வையுங்கள். அழுகுவது வேறு, பிளாஸ்டிக், கடதாசி வேறு. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்த பிறகு பிரிக்காத பையை எடுக்காமல் விட்டுவிட்டுப் போவார்கள். மீன் வாங்கிய நாளில் செதிலையும் குடலையும் பையில் கட்டி வண்டி வரும் நாள்வரை ஃப்ரீஸரில் வையுங்கள். முற்றத்தில் தாட்டுப் பழகியவர்களுக்கு இது அருவருப்பாக இருக்கும். ஆனால் மூன்றாம் மாடியில் தாட்க முற்றம் இல்லை.

டெங்குக்குப் பூச்சட்டித் தட்டை எல்லோரும் பார்ப்பார்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் அடியில் தண்ணீர் சொட்டும் தட்டு ஒன்று இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏழிலிருந்து பத்து நாள் எடுக்கும். கிழமைக்கு ஒருநாள் கவிழ்த்து உரஞ்சினால் காணும். பாவிக்காத குளியலறைத் தளக்குழியில் மணம் வந்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் வற்றிவிட்டது, ஒரு கோப்பை ஊற்றுங்கள்.

இடாப்பு

இலக்கங்கள் குறித்து வையுங்கள்: கரண்ட் போனால் 1987, தண்ணீருக்கு 1939, அம்புலன்ஸ் 1990 (இலவசம்), பொலிஸ் அவசரம் 119, தீயணைப்பு 110. எந்த அலுவலகத்தில் என்ன படிவம் என்று தமிழில் கேட்க 1919.

வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குள் வரும், கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகத்துக்குள். ‘கொழும்பு’ என்ற பெயரைப் பார்த்து மாறிப் போய் வரிசையில் நிற்பவர்கள் அதிகம். ஒழுங்கையின் ஒரு பக்கம் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவு, மறுபக்கம் வேறு பிரிவு என்று இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட வீட்டின் பழைய வாக்காளர் அட்டையில் பிரிவின் பெயரைப் பார்ப்பது நிச்சயம்.

வாடகைக்காரர் தன் முகவரியில் பதிவதை விரும்பாத வீட்டுக்காரர் உண்டு. பதிந்தால் வீட்டில் உரிமை வந்துவிடும் என்று ஒரு பயம். அதனால் ‘கிராம உத்தியோகத்தரிடமும் வாக்காளர் இடாப்பிலும் பதிவதற்கு ஆட்சேபனை இல்லை’ என்ற ஒரு வரியை நொத்தாரிசு உறுதியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மேலே ஒருவர் சொன்ன பட்டியலில் இது விடுபட்டிருக்கிறது.

வாக்கு ஓர் இடத்தில்தான் இருக்கலாம். கொழும்பில் பதிந்தால் யாழ்ப்பாணத்தில் வெட்டுப்படும். பலர் இருபது வருடம் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு வாக்கை ஊரிலேயே வைத்திருக்கிறார்கள், ஊரை விட்டுப் போகவில்லை என்று மனதுக்கு ஓர் ஆறுதல். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கொரு கணக்கு இருக்கிறது: அரச பாடசாலையில் முதலாம் தரத்துக்கு வீட்டுக்குக் கிட்டிய பிள்ளை என்று விண்ணப்பிக்கும்போது கடந்த ஐந்து வருட வாக்காளர் இடாப்பையும் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது ஓடிப்போய்ப் பதிந்தால் அந்த ஐந்து வருடத்தை எங்கும் வாங்க முடியாது. இங்கேயே நிற்பது என்று முடிவெடுத்தால் முதல் வருடமே பதியுங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் திரும்புவது என்றால் ஊரில் இருக்கட்டும்.

இன்னொன்று, கேட்காத கேள்விக்கு. கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் இருக்கிறது, 1942இல் தொடங்கியது, நூலகமும் உண்டு. நீங்கள் எந்த வீட்டை எடுத்தாலும் நடக்கும் தூரம். முதல் ஞாயிறு பின்னேரம் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் போகும்போது போய்வரலாம்.

வடலி

ஆள் திரும்பப் போய் முக்கால் மணித்தியாலம் நின்றது. விளக்கு நின்று நின்று துடிக்கிறது, பிரிட்ஜ்தான். வீட்டுக்கார அம்மா தனக்குத் தெரியாது என்று சொல்லி எலெக்ட்ரீஷியனுக்கு உடனே கோல் எடுத்தாராம். மாற்றிய பிறகு அதே மீற்றருக்கு முன்னால் நாங்களே போய் நிற்கிறோம். கடற்பக்க வீட்டின் ஜன்னல் பிணைச்சலில் விரலை வைத்தால் தூள் இல்லை, பிணைச்சலே கையோடு வருகிறதாம்.